சோடா சூளையில் இடம் கிடைக்குமா?

வணக்கமுங்க. பெருந்துறைப் பக்கம் மண்பாண்டம் செய்கிறேன். மரத்தில் செதுக்கிய அச்சை ஈரக் கிண்ணத்தில் அழுத்திக் கோலம் பதிப்பேன். தடியாகக் கிளேஸ் (சுட்டதும் கண்ணாடிபோல் ஆகும் மேற்பூச்சு) பூசினால் புள்ளியும் கம்பியும் மூடிக்கொள்கின்றன. சூடேறியதும் உள்ளே சோடா உப்பு விடும் சோடா சூளையில் அந்தத் தொல்லை இல்லை: 1,280 டிகிரி வாக்கில் சோடா ஆவி மண்ணிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து மெல்லிய கண்ணாடியாகப் படியும், அச்சின் விளிம்பு அத்தனை அழகாக எடுத்துக்காட்டும்!

நம்ம குளத்து மண் அந்தச் சூட்டைத் தாங்காது. அதைத் தாங்கும் ஸ்டோன்வேர் மண் கோவை, ஈரோட்டில் எங்கே கிடைக்கும்? கிண்ணத்தின் உள்ளே ஆவி சரியாகப் போகாது. அங்கே பூச ஈயமில்லாத கிளேஸ் கலவை தெரிந்தாலும் சொல்லுங்க.

அப்புறம், மின்சூளையில் சோடா விட்டால் கம்பிச்சுருளை அரித்துவிடும். சோடாவுக்கென்றே கேஸ் சூளை வைத்திருப்பவர்கள் சூளைக்குள் ஓரமாக ஒரு தட்டு அளவு இடம் கொடுத்தால் போதும், வாடகை தருகிறேன். அடியில் ஒட்டாமலிருக்க வைக்கும் அலுமினா உருண்டைகளை நானே உருட்டிக் கொண்டுவருகிறேன்.