பெர்னினா மலை ரயில்: எக்ஸ்பிரஸா, சாதாரண வண்டியா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். அக்டோபர் நடுவில் அம்மாவுடன் சூரிச்சில் இருக்கும் அக்கா வீட்டுக்குச் செல்கிறேன். சுவிட்சர்லாந்தின் கூர் நகரிலிருந்து இத்தாலியின் திரானோவுக்குச் செல்லும் பெர்னினா மலை ரயிலில் அம்மாவை அழைத்துப் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பெரிய கண்ணாடிச் சன்னல்கள் கொண்ட பெர்னினா எக்ஸ்பிரஸில் முன்பதிவு செய்யலாமா, அல்லது அதே பாதையில் ஓடும் சாதாரண வண்டி போதுமா? அம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. உயரத்தில் மூச்சு வாங்குமோ என்று அக்கா கவலைப்படுகிறாள். ஊட்டி ரயிலைப் போல இதுவும் பல்சக்கரத்தில்தான் ஏறுகிறதா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1

முதலில் அக்காவின் கவலையைப் பார்ப்போம். இப்பாதையின் மிக உயர்ந்த நிலையமான ஆஸ்பிட்ஸியோ பெர்னினா 2,253 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அது ஏறக்குறைய நம் உதகமண்டலத்தின் உயரம்தான். ஊட்டிக்குப் போய் வந்தபோது அம்மாவுக்குச் சிரமம் இல்லை என்றால் இங்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் குளிர் வேறு. அக்டோபரில் அங்கே பனி விழுந்து கிடக்கக்கூடும் என்பதால் காதை மூடும் குல்லாயும் கனமான மேலங்கியும் கைப்பையிலேயே இருக்கட்டும்.

இந்தப் பாதையில் பல்சக்கரம் கிடையாது. நீலகிரி ரயில் கல்லாறு முதல் குன்னூர் வரை 12 அடிக்கு ஓரடி, அதாவது நூற்றுக்குச் சுமார் 8 என்ற சரிவில் ஏறுவதால், பல்சக்கரம் கவ்விப் பிடிக்கும் பற்சட்டம் அதற்குத் தேவைப்படுகிறது. பெர்னினா பாதையின் உச்சச் சரிவு நூற்றுக்கு 7. தொடக்கத்திலிருந்தே மின்சாரத்தில் ஓடுவதற்காக அமைக்கப்பட்டு 1910இல் முழுமையடைந்த இந்தப் பாதையில், தண்டவாளத்தின் மீது சக்கரம் கொள்ளும் பிடிப்பை மட்டும் நம்பியே வண்டி மலையைக் கடக்கிறது. புருசியோ என்ற ஊரின் அருகே பள்ளத்தாக்கு அந்தச் சரிவைவிட வேகமாக இறங்குவதால், ஒன்பது வளைவுகள் கொண்ட கல்பாலத்தின் மீது வண்டி ஒரு முழு வட்டம் அடித்து, தான் கடந்து வந்த அதே பாலத்தின் அடியில் நுழைந்து வெளியேறும். அந்த இடத்தில் சன்னலோரம் இருந்தால், உங்கள் வண்டியின் முன்பெட்டிகள் புல்வெளியைச் சுற்றி வளைவதை நீங்களே பார்க்கலாம்.

மறுமொழி 2

என் பரிந்துரை சாதாரண வண்டிதான். இரண்டும் ஒரே தண்டவாளத்தில், ஒரே பாலங்களின் மீதுதான் ஓடுகின்றன. எக்ஸ்பிரஸுக்குப் பயணச்சீட்டோடு இருக்கை முன்பதிவுக் கட்டணமும் கட்டாயம். சுவிஸ் ரயில்களில் பயணிக்கச் சுற்றுலாப் பயணிகள் வாங்கும் சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருந்தாலும் அந்தக் கட்டணம் தனி. சாதாரண வண்டியில் திரானோ வரை பாஸே போதும். செயின்ட் மோரிட்ஸில் மட்டும் வண்டி மாற வேண்டும். எக்ஸ்பிரஸின் அகலக் கண்ணாடி திறக்காது என்பதையும், படம் எடுத்தால் உள்ளிருக்கும் விளக்கும் முகங்களும் அதில் பிரதிபலிக்கும் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள். சாதாரண வண்டிகளின் பழைய பெட்டிகளில் சன்னலை இறக்கிக்கொள்ளலாம்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது இடையில் இறங்கும் உரிமை. 2,091 மீட்டரில் உள்ள ஆல்ப் குரூம் நிலையத்தில் இறங்கினால் எதிரே பாலூ பனியாறு தெரியும். நிலையக் கட்டடத்திலேயே உணவகம் உண்டு. அம்மா அங்கே ஒரு மணி நேரம் நிதானமாக உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறலாம். வயதானவர்களுடன் செல்லும்போது, நான்கு மணி நேரம் ஒரே இருக்கையில் கட்டிப்போடுவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான கருத்து.

மறுமொழி 3

மேலே சொன்னதை ஏற்கிறேன். இருக்கையைப் பற்றி மட்டும் சிலவற்றைச் சேர்க்கிறேன். கூரிலிருந்து திரானோ நோக்கிச் செல்லும்போது வலப்பக்கம் உட்காருங்கள். 65 மீட்டர் உயரத்தில் வளைந்து நின்று, நேராகப் பாறைச்சுவரில் குடைந்த சுரங்கத்துக்குள் வண்டியை அனுப்பிவிடும் லாண்ட்வாசர் பாலமும், மொர்ட்டெராட்ச் பனியாறும், கணவாயின் உச்சியில் வெளிர்நீலமாகக் கிடக்கும் லாகோ பியாங்கோ ஏரியும் அந்தப் பக்கம்தான் வரும். அந்த ஏரியருகே சற்றுக் கவனியுங்கள்: ஒருபுறம் விழும் மழை தன்யூபு ஆற்றின் வழியே கருங்கடலுக்கும், மறுபுறம் விழுவது போ ஆற்றின் வழியே ஏட்ரியாட்டிக் கடலுக்கும் போகிறது.

பெர்கூனுக்கும் பிரேடாவுக்கும் இடையே சுழல் சுரங்கங்களில் பாதை தன்னைத்தானே சுற்றிக்கொண்டு ஏறும்போது எந்தப் பக்கம் இருந்தாலும் ஒன்றுதான். பெர்கூன் தேவாலயம் ஒருமுறை இடப்புறமும் மறுமுறை வலப்புறமுமாகக் கீழே தெரியும். அக்டோபர் என்பதால் எங்கடின் பள்ளத்தாக்கில் லார்ச் மரங்கள் பொன்னிறமாகியிருக்கும். காலம் நன்றாகவே அமைந்திருக்கிறது.

திரானோ இத்தாலிக்குள் இருப்பதால் இருவரின் பாஸ்போர்ட்டும் கையில் இருக்கட்டும். ஷெங்கன் விசா அங்கும் செல்லும். அம்மா சைவம் என்றால் பிட்சோக்கெரி கேளுங்கள். பக்வீட் மாவில் செய்த பட்டையான பாஸ்தாவை உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பாலாடைக்கட்டியோடு சேர்த்துச் சுடச்சுடத் தருவார்கள். திரும்பும் கடைசி வண்டியின் நேரத்தை இறங்கியவுடனே நிலையப் பலகையில் பார்த்துக்கொண்டு பிறகு ஊருக்குள் செல்லுங்கள்.