சிங்கப்பூரில் விசாரணை இல்லாமல் வேலைநீக்கம்: என்ன செய்யலாம்?

திருவாரூர்க்காரர்: ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் என் தம்பியை, சாமான் திருடியதாகச் சொல்லி அன்றைக்கே நிறுத்திவிட்டார்கள். நோட்டீஸ் சம்பளமும் இல்லை. டிக்கெட் போடுகிறார்களாம்.

லிட்டில் இந்தியா: முதல்ல ஊருக்குக் கிளம்ப வேண்டாம்னு சொல்லுங்க. தவறான வேலைநீக்கப் புகாரை, கடைசி வேலை நாளிலிருந்து 1 மாதத்துக்குள் TADM-ல (வேலைத் தகராறுகளைச் சமரசம் பேசித் தீர்க்கும் அமைப்பு) பதியணும். அதிகம் பேர் கோட்டை விடுவது இங்கேதான், ஏன்னா பாக்கிச் சம்பளத்துக்கு 6 மாதம் இருக்கு, இரண்டையும் ஒண்ணுன்னு நினைச்சுடறாங்க. விமான நிலையத்துக்கே கூட்டிப்போனாலும், குடிநுழைவு அதிகாரியிடம் புகார் இருக்குன்னு சொல்லணும்.

பழைய சூப்பர்வைசர்: ஒழுங்கீனம்னு நோட்டீஸ் இல்லாம நீக்கணும்னா, வேலைச் சட்டம் 14ஆம் பிரிவுப்படி முறையான விசாரணை நடத்தியிருக்கணும்: குற்றச்சாட்டைச் சொல்லி, அவர் பதிலைக் கேட்கணும். விசாரணைக்காக இடைநீக்கம் செஞ்சா அதிகபட்சம் 1 வாரம், பாதிச் சம்பளமாவது தரணும். "யாரும் எதுவும் கேட்கவே இல்லை" என்பதே அவருக்குப் பலமான வாதம். ராஜினாமாக் கடிதத்திலோ, "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளிலோ கையெழுத்துப் போடக்கூடாது. சம்பளச் சீட்டு, நேர அட்டை, வாட்ஸ்அப் செய்தி எல்லாத்தையும் இப்பவே உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்க. டார்மிட்டரியை விட்டு வெளியேத்திட்டா கிடைக்காது.

திருவாரூர்க்காரர்: சமரசம் ஆகலைன்னா?

லிட்டில் இந்தியா: தீர்ப்பாயத்துக்குப் போகலாம்னு TADM பரிந்துரைச் சான்றிதழ் தருவாங்க. 4 வாரத்துக்குள் வேலைக் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்யணும். அங்கே இரு தரப்புக்கும் வக்கீல் கிடையாது. தொழிற்சங்கம் வழியா போகலைன்னா, கேட்கக்கூடிய தொகைக்கு வரம்பு 20,000 வெள்ளி. அதுவரை தங்க ஸ்பெஷல் பாஸ் கிடைக்கும், ஆனா அதை வெச்சு அனுமதியில்லாம வேலை பார்த்தா வழக்கே கெட்டுடும்.