ஜான்சி ராணிப் படையில் இருந்த தோட்டத்துப் பாட்டிமார்களைத் தேடி

அனைவருக்கும் வணக்கம். 1943இல் சிங்கப்பூரில் பயிற்சி தொடங்கிய, நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில், கேப்டன் லட்சுமியின் தலைமையில் துப்பாக்கி ஏந்தியவர்களுள் பலர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழ்ப் பெண்கள். ஜானகி ஆதி நாகப்பன் போன்றோரின் வாழ்க்கை பதிவாகியிருக்கிறது. ஆனால் 1945இல் படை கலைந்தபின் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கே திரும்பி, விடியுமுன் பிரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் அணிவகுப்புக்கு) நின்று, மீண்டும் ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டப் போனவர்களின் கதை பேரப்பிள்ளைகளின் நினைவில் மட்டுமே தங்கியிருப்பது எனக்குப் பெரும் கவலையாக உள்ளது.

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அத்தகைய குடும்பத்தினர் இருந்தால் அன்புகூர்ந்து தெரிவியுங்கள். முகாம் வாழ்க்கையைப் பாட்டி வீட்டில் பேசினாரா, பிள்ளைகளை வளர்த்த விதத்தில் அது தெரிந்ததா என்பதையே முதலில் கேட்க விரும்புகிறேன். சீருடையில் எடுத்த பழைய படம் இருந்தால், அதன் பின்புறத்தில் உள்ள எழுத்தையும் சேர்த்துப் படமெடுத்து அனுப்புங்கள்.