தெருவில் தோழிகள், வீட்டுக்குள் எதிரிகள்: வழி சொல்லுங்கள்

கோவை வடவள்ளியில் இருக்கிறோம். வீட்டில் ஏற்கெனவே இரண்டு நாய்கள். ஒன்று ராஜபாளையம் கலப்பு, ஆண், 7 வயது, பரம சாது. இன்னொன்று கருப்பி, நாட்டு நாய், 4 வயது, கருத்தடை ஆனது.

5 வாரத்துக்கு முன், நல்ல வீடு அமையும்வரை வைத்துக்கொள்ளலாம் என்று காப்பகத்திலிருந்து செவலையைக் கூட்டி வந்தோம். பெண், சுமார் 2 வயது. கருத்தடை, ரேபீஸ் ஊசி, குடற்புழு மருந்து எல்லாம் முடிந்தது. எங்களுக்கே வைத்துக்கொள்ள ஆசை வந்துவிட்டது, அது வேறு கதை.

முதல் 10 நாள் தனி அறை. படுக்கைத் துணிகளை மாற்றிப் போட்டு வாசனை பழக்கினோம். அப்புறம் தெருவில் இடைவெளி விட்டுச் சேர்ந்து நடை. அங்கே சண்டையே இல்லை. ஒரே மின்கம்பத்தை மாறி மாறி மோப்பம் பிடிக்கிறார்கள்.

வாசற்படி தாண்டினால்தான் வினை. கருப்பி உடம்பை விறைத்து, வாயை மூடிக்கொண்டு முறைப்பாள். உறுமல்கூட இல்லை, நேரே பாய்ச்சல். இதுவரை 3 சண்டை. மூன்றுமே நான் வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்த நேரத்தில். கடைசிச் சண்டையில் செவலைக்குக் காதில் 2 தையல்.

சாப்பாடு தனித்தனி அறையில்தான். பொம்மைகளை எடுத்து வைத்தாயிற்று. நடுவில் கம்பிக் கதவு போட்டிருக்கிறோம். கருப்பிக்கு வலி ஏதும் இல்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அடித்து அடக்கும் யோசனை வேண்டாம்.

வெளியே ஒத்துப்போய் வீட்டுக்குள் மட்டும் மோதும் இரண்டு பெண் நாய்களைச் சேர்த்து வைத்தவர்கள், கம்பிக் கதவுக்கு அடுத்த படியாக என்ன செய்தீர்கள்?