சோலைபாடிப் பறவை வரும் மூங்கில் புதரைக் காப்பாற்ற யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. ஆனைமலை அடிவாரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், ஓடையோரம் ஒரு மூங்கில் புதர். அந்தி சாய்ந்தால் அங்கே சோலைபாடி பாடும். கறுப்புத் தலை, செம்பழுப்பு வயிறு, வாலடியில் பளிச்சென்று வெள்ளை. நேற்று தாழ்ந்த கிளையிலிருந்து சருகின்மேல் குதித்து, ஒரு வெட்டுக்கிளியைக் கவ்வியதும் நிழலுக்குள் மறைந்துவிட்டது.

பூச்சியும் புழுவும்தான் அதற்கு முக்கிய உணவு, சிறு பழங்களும் தின்னும். அடர்ந்த புதரும் சருகும் இல்லாவிட்டால் இரைக்கு எங்கே போகும்? ஆனால் பாம்புக்குப் பயந்து, அக்கம்பக்கத்தார் எல்லாவற்றையும் வெட்டி எரிக்கச் சொல்கிறார்கள். அவர்கள் பயமும் நியாயம்தான்.

வீட்டை ஒட்டி எவ்வளவு தூரம் சுத்தம் செய்தால் போதும்? பொந்துள்ள பட்டமரத்தை விட்டுவைக்கலாமா? கூடு கட்ட உதவுமே. அப்புறம், ஓடைக்கரையில் என்ன பழச்செடி நடலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், அடுத்த வாரம் ஆள் வருகிறது.