கிரானைட் ஊரில் மரமேடை போட்டவன்

எங்கள் ஊரில் சமையல் மேடை என்றால் கிரானைட்தான். பர்கூர் சாலையில் போனால் அறுத்த கல் அடுக்கடுக்காக நிற்கும். அப்படிப்பட்ட ஊரில் நான் தேக்கில் மேடை போட்டேன். பெரிய ரசனை என்றெல்லாம் இல்லை. தாத்தா கட்டிய ஓட்டு வீட்டைப் பிரித்தபோது நாலு உத்திரம் கிடைத்தது, விற்க மனம் வரவில்லை. மர மில்லில் பலகையாக அறுத்து, ஆசாரி ஒன்றரை அங்குலக் கனத்தில் ஒட்டிக் கொடுத்தார். அம்மா சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கல்லு விளையற ஊர்ல கட்டில் மேல சமைக்கச் சொல்றியேடா" என்றார்.

ஆசாரி மெலமைன் பாலிஷ் அடித்தார். முகம் தெரியும் பளபளப்பு. அது எட்டு மாதம் தாங்கியது. முதலில் அடுப்பிலிருந்து இறக்கிய களிப்பானை. எடுத்துப் பார்த்தால் அடியில் வெள்ளையாக ஒரு வட்டம். சரி, போகட்டும் என்று விட்டேன். அப்புறம் சிங்க் ஓரம். பாலிஷில் தலைமுடி அளவு கீறல் விழுந்து, அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. இறங்கிய தண்ணீர் வெளியே வரத்தான் வழியில்லை. நகத்தால் நெருடினேன், வெயிலில் காய்ந்த முதுகுத்தோல் மாதிரி பாலிஷ் உரிந்து வந்தது. அடியில் மரம் கறுத்து, ஈரமாக, ஊறிப்போன சாக்கு வாடை அடித்தது.

போதாததற்கு, ஈர மேடையில் ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்த இரும்புத் தோசைக்கல், மை தொட்டு வைத்தது போல ஒரு வளையம் போட்டிருந்தது. உண்மையில் அது மைதான். மரத்தின் துவர்ப்பும் இரும்பும் ஈரமும் சேர்ந்தால் கறுக்கும். அந்தக் காலத்தில் கடுக்காயோடு இரும்பைச் சேர்த்து மை செய்ததும் இதே கணக்கு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தும் அது முழுசாகப் போகவில்லை. ஆக்ஸாலிக் ஆசிட்டை வெந்நீரில் கரைத்துத் தடவி, பலமுறை தண்ணீர் விட்டுத் துடைத்த பிறகுதான் வெளுத்தது. கையுறை இல்லாமல் அதைத் தொடாதீர்கள், அது விஷம்.

பாலிஷ் முழுவதையும் எடுக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது. 80 நம்பர் தாளில் ஆரம்பித்து 120, 180. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் நார் எழும்பி நிற்கும். காய்ந்ததும் 220-ல் அதைச் சீவிவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் முதல்முறை தண்ணீர் பட்டதுமே மேடை சொரசொரப்பாகிவிடும்.

"தோசைக்கல்லப் பழக்கற மாதிரி நல்லெண்ணெய் தடவுடா" என்றார் அம்மா. தடவினேன். தோசைக்கல்லுக்கு அடியில் நெருப்பு உண்டு, மேடைக்கு ஏது? எண்ணெய் காயவே இல்லை. இரண்டு வாரத்தில் பிசுபிசுப்பு, தூசி, சிக்கு வாடை. தின்னர் போட்டுத் துடைத்து எடுத்தேன்.

கடைசியில் கைகொடுத்தது மருந்துக்கடை. லிக்விட் பாரஃபின், பாட்டிலில் ஐ.பி. என்று போட்டிருக்கும், இந்திய மருந்துத் தர நூல்படி செய்தது என்று அர்த்தம். மலச்சிக்கலுக்குக் கொடுப்பது. மூன்று பாட்டில் கேட்டேன். கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "எத்தன நாளா சார்?" என்றார்.

இது காயாது, ஆனால் கெட்டும் போகாது. மெல்ல மெல்லக் குறையும் என்பதால் திரும்பத் திரும்பத் தடவ வேண்டும். முதல் வாரம் தினமும், அந்த மாதம் வாரம் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை. ராத்திரி ஊற்றித் தேய்த்து, காலையில் மிச்சத்தைத் துடைத்துவிடுவேன். அதன் மேல் தேன்மெழுகு. ஒரு பங்கு மெழுகு, நாலு பங்கு எண்ணெய், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கிண்ணத்தை வைத்து உருக்கினால் போதும். நேரடி நெருப்பு வேண்டாம்.

பாலிஷ் கெட்டால் மேடை முழுவதையும் தேய்க்க வேண்டும். எண்ணெய் வைத்த மேடையில் கறை பட்ட ஒரு சாண் இடத்தை மட்டும் தேய்த்துத் தடவினால் முடிந்தது. அந்த ஒரு காரணத்துக்காகவே நான் எண்ணெய் கட்சி.

கிருஷ்ணகிரி, பழையபேட்டை

•

அண்ணா, எங்கள் வீட்டில் ரப்பர் மரப் பலகை, துண்டு துண்டாகக் கோத்து ஒட்டியது. நான் ஹார்டுவேர் கடையில் டபுள் பாயில்டு லின்சீட் ஆயில் வாங்கி அடித்தேன். ஆளி விதை எண்ணெய்தான், சீக்கிரம் காய மருந்து கலந்தது. நன்றாக இறுகும். ஆனால் முழுசாக இறுகச் சில வாரம் ஆகும், அதுவரை அதன் மேல் மாவு பிசையவில்லை.

சொல்ல வந்தது வேறு. துடைத்த துணிகளைச் சுருட்டி பால்கனி வாளியில் போட்டுவிட்டுத் தூங்கப் போனேன். ஏதோ கருகிய வாசனை வர, போய்க் கை வைத்தால் துணி சுடுகிறது! யாரும் தீக்குச்சி கிழிக்கவில்லை. இந்த எண்ணெய் காயும்போதே சூடு உண்டாகும். சுருட்டி வைத்தால் அந்தச் சூடு வெளியேறாமல் தானாகவே பற்றிக்கொள்ளும். கொடியில் விரித்துக் காயப்போடுங்கள், இல்லை தண்ணீரில் முக்குங்கள்.

ஓசூர்

•

எங்களுடையது மாமரம். தோப்பில் விழுந்த கிழட்டு மரம், பலகை சும்மா கிடைத்தது. மேடைக்குக் கீழே தினமும் கொஞ்சம் மாவு கொட்டிக் கிடக்கும். அரிசி மாவுதான் சிந்துகிறது என்று நான் வீட்டுக்காரியைக் கடிந்துகொண்டேன், பாவம். ஒருநாள் டார்ச் அடித்துப் பார்த்தால் பலகையின் அடிப்பக்கம் குண்டூசி குத்தியது போல ஓட்டைகள். உளுத்துக்கொண்டிருக்கிறது! மேலே எத்தனை எண்ணெய் தடவியும் என்ன, அடிப்பக்கத்தை நான் தொடவே இல்லை. மாமரத்தை அறுத்ததுமே போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசலில் ஊறவைத்திருக்க வேண்டும் என்று மில்காரர் அப்புறம் சொன்னார்.

அடிப்பக்கத்துக்கும் எண்ணெய் வையுங்கள். வைக்காவிட்டால் பூச்சி வராத மரம்கூட மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு ஈரம் இழுத்து வளையும். சிங்க்குக்கு வெட்டிய வாய்தான் இன்னும் மோசம். அங்கே நாரின் முனை தெரிகிறது, உறிஞ்சுகுழல் மாதிரி குடிக்கும்.

நான் இப்போது அடுப்புக்கும் சிங்க்குக்கும் கல் போட்டுவிட்டேன். நடுவில் மூன்றடி மட்டும் மரம், காய் நறுக்க, சப்பாத்தி தேய்க்க. எங்கள் அம்மாயியின் களித் துடுப்புக்கு யாரும் பாலிஷ் அடித்ததில்லை. கிண்டி முடித்ததும் கழுவிச் சுவரில் சாத்தி நிறுத்துவார். இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

பென்னாகரம்

•

பென்னாகரத்தார் எழுதியதைப் படித்துவிட்டு டார்ச்சோடு மேடைக்குக் கீழே படுத்துப் பார்த்தேன். ஓட்டை இல்லை, ஆனால் சிங்க் வாயில் எண்ணெய் பட்ட அடையாளமே இல்லை. மேலே மூன்று இடத்தில் சொட்டுத் தண்ணீர் விட்டேன். இரண்டு இடத்தில் முத்தாக நின்றது, குழாய்ப் பக்கம் மட்டும் ஐந்து நிமிடத்தில் உள்ளே இறங்கி நிறம் மாறியது. பாட்டிலும் தீர்ந்துவிட்டது. இந்த முறை ரவுண்டானா பக்கத்து மருந்துக்கடையில் வாங்கப் போகிறேன்.

கிருஷ்ணகிரி, பழையபேட்டை