நாலு பக்கமுள்ள தாத்தா

மீனா: ஃப்ளாட்லேண்ட் நாவலை யார் யார் முடித்தீர்கள்? நான் நேற்று இரவே முடித்துவிட்டேன். கதை நடக்கிற ஊரே காகிதம் மாதிரி தட்டை, ஆட்கள் எல்லாம் வடிவங்கள், கதை சொல்பவர் ஒரு சதுரம் என்று தெரிந்துதான் ஆரம்பித்தேன், ஆனால் ஒரு சதுரத்துக்காக இவ்வளவு வருத்தப்படுவேன் என்று நினைக்கவே இல்லை

அருள் அண்ணா: எத்தனை பக்கம்?

மீனா: சதுரத்துக்கா, புத்தகத்துக்கா?

அருள் அண்ணா: புத்தகத்துக்கு 😐

மீனா: நூறை ஒட்டித்தான் இருக்கும். பாதி படித்துவிட்டு ஓடாதீர்கள், இரண்டாம் பாதியில்தான் கோளம் வருகிறது

பெரியப்பா: நான் படித்து முடித்தேன். 1884 இல் ஒருவர் இப்படி ஒரு பரிணாமக் கதையை எழுதியிருப்பது பெரிய விஷயம்.

அருள் அண்ணா: பரிமாணம் அப்பா. பரிணாமம் என்றால் குரங்கு

பெரியப்பா: போன் தானாக மாற்றிவிடுகிறது. ஆனாலும் அது தப்பில்லை. அந்த ஊரில் அப்பா நாலு பக்கம் என்றால் பிள்ளைக்கு ஐந்து, பேரனுக்கு ஆறு. தலைமுறைக்கு ஒரு பக்கம் கூடிக்கொண்டே போய்க் கடைசியில் வட்டமாகி மதகுருவாக உட்கார்ந்துவிடுகிறார்கள். பரிணாமம்தானே அது.

மீனா: வட்டம் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது பெரியப்பா. உண்மையில் முந்நூறு நானூறு பக்கமுள்ள பலகோணம்தான். தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் வட்டத்தைத் தொடுவது மகா அவமரியாதை, அதனால் யாரும் தொடுவதில்லை

அருள் அண்ணா: இது பிடித்திருக்கிறது 😂

அத்தை: எனக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிடலாமா என்று தோன்றிய இடம் வேறு. தொழிலாளிகள், சிப்பாய்கள் எல்லாம் ஒடுங்கிய இருசமபக்க முக்கோணங்கள். எத்தனையோ தலைமுறை காத்திருந்து ஒரு வீட்டில் மூன்று பக்கமும் சமமாக ஒரு குழந்தை பிறந்தால் கொண்டாட்டம், அப்புறம் அதே குழந்தையைப் பெற்றவர்களிடமிருந்து எடுத்து, பிள்ளை இல்லாத மேல்தட்டு வீட்டில் கொடுத்துவிடுகிறார்கள். அது இனிமேல் சொந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாதாம், பழைய புத்தி ஒட்டிக்கொள்ளுமாம். இதை அந்தச் சதுரம் ரயில் நேரம் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டு போகிறதே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மீனா: அந்தக் குரல்தான் அத்தை புத்தகமே. அவருக்கு அதில் தப்பு எதுவும் தெரியவில்லை, நமக்குத் தெரிகிறது

அத்தை: பெண்கள் வெறும் கோடு. அதாவது தெரியுமா அருள் உனக்கு? கோணம்தான் மூளையாம், கோட்டுக்குக் கோணம் கிடையாது, கணக்கு முடிந்தது. நேர் எதிரே வந்தால் புள்ளியாகத்தான் தெரிவார்கள், யாரையாவது குத்திவிடுவார்கள் என்று நடக்கும்போது குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும், நின்றால் உடம்பை ஆட்டிக்கொண்டே நிற்க வேண்டும். சட்டம்!

பெரியப்பா: அது கேலி அம்மா. எழுதியவர் பள்ளித் தலைமையாசிரியர், பெண்கள் படிக்க வேண்டும் என்று சொன்னவர். அன்றைய சமூகத்தைக் குத்திக்காட்டத்தான் அப்படி எழுதினார். இரண்டாம் பதிப்பின் முன்னுரையில் இதற்குப் பதிலும் சொல்லியிருக்கிறார்.

அத்தை: கேலி என்று எனக்கும் புரிகிறது அண்ணா. இருந்தாலும் அந்த மனைவிக்கு ஒரு பெயராவது வைத்திருக்கலாம்.

மீனா: அந்த வீட்டில் யாருக்குமே பெயர் இல்லையே அத்தை

அத்தை: மற்றவர்களுக்கெல்லாம் எண்ணிச் சொல்ல நாலோ ஐந்தோ பக்கமாவது இருக்கிறது.

பெரியப்பா: 👍

அருள் அண்ணா: அப்பா அதற்கு என்ன கட்டைவிரல்

பெரியப்பா: சரி, இன்னொரு விஷயம். ஆசிரியர் பெயர் எட்வின் அபட் அபட். அபட் இரண்டு தடவை. முதலில் வந்தபோது சொந்தப் பெயரைப் போடாமல் 'எ ஸ்கொயர்', அதாவது ஒரு சதுரம், என்றுதான் போட்டார். அபட் அபட் என்றால் ஏ பெருக்கல் ஏ, அதாவது ஏ வர்க்கம், அதைத்தான் விளையாட்டாக வைத்தார் என்று ஒரு பேச்சு உண்டு.

மீனா: தமிழில் அது இன்னும் நன்றாக விழுகிறது. கணக்கிலும் வர்க்கம், சமூகத்திலும் வர்க்கம். புத்தகத்தின் முதல் பாதி முழுக்க இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவதுதானே

அருள் அண்ணா: எனக்கு ஒரு சந்தேகம். எல்லோரும் ஒரே தளத்தில் இருந்தால் முக்கோணமும் சதுரமும் ஒரே மாதிரிக் கோடாகத்தானே தெரியும்? எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறார்கள்?

அத்தை: நான் செய்தே பார்த்தேன். வளையலை மேசையில் வைத்து, கண்ணை மேசை விளிம்புக்கு இறக்கிப் பார். வட்டம் நசுங்கி நசுங்கிக் கடைசியில் ஒரு கோடு. கவின் என்னம்மா ஆயிற்று உனக்கு என்று கேட்டான்.

மீனா: பனிமூட்டம் இருக்கிறது அண்ணா அந்த ஊரில். நமக்கு எதிரே இருக்கும் மூலை பளிச்சென்று தெரியும், அதிலிருந்து விலகிப் போகிற பக்கங்கள் மங்கும். கூர்மையான கோணம் என்றால் சட்டென்று மங்கும், அகலமான கோணம் என்றால் மெதுவாக. இதைப் பார்த்தே ஆளை எடைபோடுவார்கள், ஆனால் அந்தப் படிப்பு பணக்காரர்களுக்குத்தான். மற்றவர்கள் தொட்டுப் பார்க்க வேண்டும்

அருள் அண்ணா: சரி வாங்கிவிடுகிறேன். கோளம் என்ன செய்கிறது?

மீனா: 1999 இன் கடைசி நாள் வருகிறது. ஒரு பக்கெட் தண்ணீரில் பந்தை மெல்ல அமுக்கிப் பாருங்கள். தண்ணீரின் மேல்பரப்புதான் அவர்கள் உலகம் என்று வைத்துக்கொண்டால் முதலில் ஒரு புள்ளி, அப்புறம் சின்ன வட்டம், அது பெரிதாகி, மறுபடி சிறுத்து, காணாமல் போய்விடும். சதுரம் பார்ப்பது அவ்வளவுதான். பந்து என்று சொன்னால் நம்பவில்லை, தன் செங்கோணத்தால் ஒரு முட்டு முட்டுகிறார் பாவம். அப்புறம் கோளம் பூட்டிய அலமாரிக்குள்ளிருந்து கணக்குப் பலகையை எடுத்துக் காட்டுகிறது, பூட்டைத் திறக்காமலே. மேலே இருந்து பார்த்தால் அவர்கள் வீடு, அலமாரி, வயிறு எல்லாமே திறந்துதானே கிடக்கிறது

அருள் அண்ணா: அப்படியென்றால் நாலாவது பரிமாணத்திலிருந்து ஒருவர் வந்தால் நம் பீரோவும் அதே கதிதான். கயிற்றில் போட்ட முடிச்சுகூட நாலு பரிமாணத்தில் அறுக்காமல் அவிழ்ந்துவிடும், இடது கை உறையைத் திருப்பி வலது கை உறையாக்கிவிடலாம். இதெல்லாம் கணக்கில் நிரூபித்த விஷயம்

மீனா: அதையேதான் சதுரம் கேட்கிறார்! ஐயா, மூன்று இருந்தால் நாலும் இருக்க வேண்டுமே, எனக்கு அதையும் காட்டுங்கள் என்று. கோளத்துக்கு வருகிறதே கோபம், தூக்கிப் பழைய இடத்தில் எறிந்துவிடுகிறது

அத்தை (கவின் எழுதுகிறேன்): மாமா ஒரு கேள்வி. 3 × 3 என்றால் சதுரத்தின் பரப்பு. 3 × 3 × 3 என்றால் கனசதுரம். 3 × 3 × 3 × 3 என்றால் என்ன உருவம்?

பெரியப்பா: அது வெறும் எண். உருவம் கிடையாது. நாளைக்குத் தேர்வு இல்லையா உனக்கு? போய்ப் படி.

மீனா: பெரியப்பா!!!!

மீனா: நீங்கள் நிஜமாகவே படித்தீர்களா?

அருள் அண்ணா: என்ன ஆயிற்று

பெரியப்பா: ஐயோ.

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அருள் அண்ணா: ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது அப்பா

அத்தை (கவின்): நான் என்ன தப்பாகக் கேட்டேன்?

மீனா: ஒன்றும் தப்பில்லை கண்ணா. கதையில் சதுரத்துக்கு ஆறு பக்கமுள்ள ஒரு பேரன். தாத்தா கணக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அவன் 3 × 3 × 3 க்கு என்ன உருவம் என்று கேட்கிறான். தட்டையான ஊரில் அதற்கு உருவமே கிடையாது, தாத்தா உளறாதே, போய்ப் படு என்கிறார். அன்றைக்கு ராத்திரிதான் கோளம் வருகிறது. எல்லாம் தெரிந்துகொண்டு திரும்பி வந்து, முதலில் பேரனைத்தான் கூப்பிடுகிறார். அதற்குள் இதைப் பற்றிப் பேசினாலே தண்டனை என்று அறிவித்துவிட்டார்கள். பையன் பயந்து அழுகிறான், நான் அப்படிக் கேட்கவே இல்லை, சும்மா விளையாட்டு என்று சொல்லிவிட்டு ஓடிவிடுகிறான்

மீனா: நான் அழுதது அந்த இடத்தில்தான். அப்புறம் ஏழு வருடம் சிறை எல்லாம் இருக்கிறது, ஆனால் இதுதான்

பெரியப்பா: கவின், மாமா அவசரப்பட்டுவிட்டேன். கேள். புள்ளிக்கு முனை 1. அதை இழுத்தால் கோடு, முனை 2. கோட்டை இழுத்தால் சதுரம், 4. சதுரத்தை இழுத்தால் கனசதுரம், 8. அடுத்ததற்கு எத்தனை?

அத்தை (கவின்): 16

பெரியப்பா: சரி. கோட்டைச் சுற்றி 2 புள்ளிகள். சதுரத்தைச் சுற்றி 4 கோடுகள். கனசதுரத்தைச் சுற்றி 6 சதுரங்கள். நீ கேட்ட உருவத்தைச் சுற்றி 8 கனசதுரங்கள். வரைய முடியாது, ஆனால் எண்ண முடியும்.

அத்தை (கவின்): அப்போ அதில் மொத்தம் எத்தனை கோடு மாமா?

பெரியப்பா: இரு. இணையத்தில் படம் இருக்கிறது, பெட்டிக்குள் பெட்டி மாதிரி. எண்ணிச் சொல்கிறேன்.

அத்தை (கவின்): இழுக்கும்போது பழையது ஒன்று, புதியது ஒன்று, அதனால் இரட்டிப்பாகும். அப்புறம் ஒவ்வொரு முனையும் நகர்ந்து ஒரு கோடு போடும். சதுரத்துக்கு 4 கோடு, 4 முனை. 4 + 4 + 4 = 12, கனசதுரத்துக்குச் சரியாக வருகிறது. அடுத்தது 12 + 12 + 8 = 32

அருள் அண்ணா: டேய்

பெரியப்பா: எனக்கு 31 தான் வருகிறது. இரண்டு தடவை எண்ணிவிட்டேன்.

அத்தை (கவின்): ஒரு கோட்டை விட்டுவிட்டீர்கள் மாமா

அத்தை: இப்போது நான்தான் எழுதுகிறேன். கோட்டை விடுவது உங்களுக்கெல்லாம் புதிதா அண்ணா?